நாற்பது மில்லி

சிரிஞ்சில் இன்னும் ஐந்து மில்லி மிச்சமிருந்தபோது மகள் பின்னாலிருந்து "அப்பா" என்றாள். அவர் திரும்பவில்லை. "இதோ" என்று மட்டும் சொல்லிவிட்டு, கட்டைவிரலின் அழுத்தம் மாறாமல், மீதியையும் சொட்டுச் சொட்டாக அந்தச் சிறிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் இறக்கினார். ஊற்ற ஆரம்பித்தால் பாதியில் விடக்கூடாது, விட்டால் எவ்வளவு ஊற்றினோம் என்று யாருக்கும் தெரியாமல் போய்விடும் என்பது மனைவியின் சட்டம். முப்பத்தொரு வருடம் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவருக்குச் சட்டத்தோடு ஒத்துப்போவது பெரிய காரியமில்லை. நீர்மட்டம் பெட்டியில் போட்டிருந்த கறுப்புக் கோட்டைத் தொட்டதும் சிரிஞ்சை எடுத்து வைத்துவிட்டுத் திரும்பினார்.

மனைவி ஜன்னல் பக்கம் முகம் வைத்துப் படுத்திருந்தாள். கண்கள் கொஞ்சம் திறந்திருந்தன. மகள் ஈரத்துணியை அம்மாவின் நெற்றியில் வைத்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"ரெண்டு தடவ மூச்சு விட்டாங்க. அப்புறம் இல்லப்பா."

அவர் மனைவியின் புறங்கையைத் தொட்டுப் பார்த்தார். சூடு இருந்தது. அவள் கண்கள் நிலைத்திருந்த திசையில் ஜன்னலும், ஜன்னல் மேடையில் அந்தப் பெட்டியும், சற்றுமுன் வரை அவருடைய முதுகும் இருந்தன. கடைசியாக அவள் பார்த்தது தன் முதுகைத்தான் என்று தோன்றியது. ஐந்து மில்லி கீழே கொட்டிப் போயிருந்தால்தான் என்ன.

ஆனாலும் பழக்கம் விடவில்லை. அலமாரியிலிருந்து நோட்டை எடுத்தார். நேரம் காலை ஆறு ஐம்பது. மின்னழுத்தம் 1.73. ஊற்றிய நீர் 20 மில்லி, சுத்த நீர். கையெழுத்து. மகள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

கடைசியாக 'குறிப்பு' என்று ஒரு கட்டம் உண்டு. அது மனைவியுடையது. பதினைந்து நாளாக அதில் அவள் பென்சிலால் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டுவந்தாள். முதல் நாள் குறி அவளுடைய பழைய கையெழுத்தைப் போலவே திடமாக இருந்தது. போகப் போகக் கோடு மெலிந்தது. நேற்றையது கீழே புள்ளி வைக்கத் தெம்பில்லாமல் வெறும் வளைவாக நின்றது. இன்றைய கட்டம் காலி. அந்த முதல் குறிக்கு முந்தின நாள் இந்த அறையில் என்ன நடந்தது என்பது தெரிந்த ஒரே ஆள் அவர்தான், அதை அவர் அவளிடம் சொல்லவில்லை.

அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. சாப்பாட்டு டப்பா அளவுதான் இருக்கும். உள்ளே காரநீரில் தீப்பெட்டி அளவில் இரண்டு உலோக வலைகள். மின்சாரத்தை விட்டால் தண்ணீர் இரண்டாகப் பிரிந்து, ஒரு வலையிலிருந்து ஹைட்ரஜனும் இன்னொன்றிலிருந்து ஆக்சிஜனும் கிளம்பும். ஹைட்ரஜன் ஒரு குழாய் வழியாக ஜன்னலுக்கு வெளியே போய், அங்கே கட்டியிருந்த நீர்க்குப்பிக்குள் குமிழ் குமிழாக ஏறிக் காற்றில் கலந்துவிடும். படுக்கையிலிருந்தே அந்தக் குமிழ்கள் தெரிய வேண்டும் என்று குப்பியை அந்த இடத்தில் கட்டச் சொன்னவள் அவள்தான்.

தண்ணீர் அவ்வளவு எளிதில் பிரியாது, முரண்டு பிடிக்கும். அதை இணங்கவைக்க வலைக்கு மேல் ஒரு வினையூக்கி வேண்டும். அந்த வேலையில் கெட்டி என்று பெயரெடுத்ததெல்லாம் பிளாட்டினம், இரிடியம் என்று கைக்கு எட்டாத உலோகங்கள். ஊரெல்லாம் வண்டி ஓட்டும் அளவுக்கு அவற்றைத் தோண்டியெடுக்க முடியாது என்பாள். நிக்கல் வலை, அதன்மேல் துளி இரும்பு கலந்த பூச்சு. இதை வைத்தே அந்த வேலையை வாங்கிக் காட்டுகிறேன் என்று கல்லூரி ஆய்வகத்தில் பதினோரு வருடம் மல்லுக்கட்டினாள்.

அவருக்குப் புரிகிற மாதிரி சொல்லவும் அவளுக்குத் தெரியும். "கேட்டலிஸ்ட்னா உங்க கண்டக்டர் மாதிரிங்க, டிரைவர் சார்," என்றாள் ஒருநாள். "எல்லாரையும் ஏத்தி எறக்கி விடுவாரு. தான் எறங்க மாட்டாரு. அவரு இல்லன்னா ஸ்டாப்ப விட்டு வண்டி நகராது." சிக்கல் என்னவென்றால் அவளுடைய கண்டக்டர் இறங்கிவிடுவார். முதல் சில நாள் வலை அருமையாக வேலை செய்யும். பிறகு பூச்சிலிருந்த இரும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து போய்விடும். அதே வேலைக்கு மின்சாரம் அதிகம் தள்ள வேண்டிவரும். மீட்டரில் எண் ஏறும். மலைப்பாதையில் என்ஜின் சூட்டைக் காட்டும் முள்ளை அவர் பார்ப்பது எப்படியோ, அப்படித்தான் அவள் அந்த எண்ணைப் பார்ப்பாள்.

ஓய்வு பெற்ற பிறகு கல்லூரியில் அவளுடைய மேசையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். நோயும் வந்துசேர்ந்தது. கடைசியாகச் செய்த பூச்சை ஆயிரம் மணி நேரம் ஓட்டிப் பார்க்காமல் விடமாட்டேன் என்று சொல்லி, பெட்டியை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டாள். தினம் இருபது மில்லி நீர் ஊற்றும் வேலை அவர் தலையில் விழுந்தது. இரும்பு சாமான் எதுவும் பக்கத்தில் வரக்கூடாது. வெளியிலிருந்து ஒரு துளி உலோகம் உள்ளே போனாலும் வேலை செய்தது யார் என்று அடையாளம் சொல்ல முடியாது என்பாள். அதனால் அவர் காலையில் முதலில் கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் சிரிஞ்சைத் தொடுவார். சின்ன வேலைதான். ஆனால் தினமும் இருபது மில்லி தண்ணீர் கண்ணெதிரே காணாமல் போய், காற்றாகி, ஜன்னல் வழியே வெளியேறுவதை அவரால் ஒருநாளும் சாதாரணமாகப் பார்க்க முடிந்ததில்லை. கீழே இறங்கும் தண்ணீரைத்தான் அவர் பார்த்திருக்கிறார். இது மேலே போனது. "உங்க வண்டி இந்த ஹைட்ரஜன்ல ஓடுனா பின்னாடி புகை வராது. தண்ணி சொட்டும்," என்று அவள் சொன்னபோது, முப்பத்தொரு வருடப் புகையைத் தின்ற அவர் அதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.

பதினேழு நாளைக்கு முன்னால் அவளுக்கு மூச்சுத் திணறி மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். ஸ்ட்ரெச்சர் தூக்க வந்தவர்களின் காலில் பட்டுச் சுத்த நீர் கேன் கவிழ்ந்து முழுவதும் கொட்டிப்போனது. ஒரு நாள் முழுக்க அவரால் வீட்டுப் பக்கம் வர முடியவில்லை. மறுநாள் காலை மாற்றுத்துணி எடுக்க ஓடிவந்தபோது பெட்டியில் தண்ணீர் கோட்டுக்கு வெகு கீழே இறங்கி, வலையின் மேல்விளிம்பு வெளியே தெரிந்தது. வலை காய்ந்தால் எல்லாம் முடிந்தது என்று அவள் சொல்லியிருந்தாள். உப்பு, உலோகம் எதுவும் கலக்காத அந்தச் சுத்த நீர் கிடைக்கும் ஒரே இடம் ஆய்வகம். அது ஒன்பது மணிக்குத்தான் திறக்கும். மருத்துவமனையில் அவர் ஏழு மணிக்கு நிற்க வேண்டும். வேறு வழி தெரியாமல் குளியலறைக் குழாயைத் திறந்து நாற்பது மில்லி பிடித்து ஊற்றினார். நோட்டில் '40 மில்லி, சுத்த நீர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். முப்பத்தொரு வருடத்தில் ஒரு டிரிப் ஷீட்டில்கூட அவர் பொய் எழுதியதில்லை. முதல் பொய்யைப் பெண்டாட்டியின் நோட்டில் எழுதினார்.

மூன்றாம் நாள் அவள் வீடு திரும்பினாள். இனி வீட்டிலேயே இருக்கட்டும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். வந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி எண் என்ன என்பதுதான். அவர் மீட்டரைப் பார்த்துச் சொன்னார். 1.81 வரை ஏறியிருந்த எண் 1.70க்கு இறங்கியிருந்தது. அவள் நம்பவில்லை. மகளைப் பார்க்கச் சொன்னாள். பிறகு வெகுநேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருடத்தில் ஏறிய எண் இறங்கி அவள் பார்த்ததே இல்லையாம்.

"தானா சரியாயிருக்கு," என்றாள். அப்போது அவள் குரலில் இருந்தது சந்தோஷம்கூட இல்லை. பயபக்தி என்றுதான் சொல்ல வேண்டும். "நான் இல்லாதப்ப என்னங்க பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணல."

அந்தப் பதிலைத் திரும்ப வாங்க அவரால் முடியவில்லை. நாற்பது மில்லி அழுக்குத் தண்ணீரால் வந்த எண் அது, பதினோரு வருட உழைப்பை ஒரு நிமிட அவசரத்தில் கெடுத்துவிட்டோம் என்று அவர் நினைத்தார். உண்மையைச் சொன்னால் சாகப்போகிறவளின் கையிலிருந்து அந்த எண்ணைப் பிடுங்கியது போலாகும். சொல்லாவிட்டாலோ அவள் தினமும் ஏன் ஏன் என்று யோசித்துத் தேய்கிறாள். நேற்று மாலைகூட எண்ணைச் சொன்னதும் புருவத்தை மட்டும் உயர்த்தினாள். ஏன் என்று அர்த்தம். அவருக்குத் தாங்கவில்லை. "நாளைக்குச் சொல்றேன்," என்றார். அவள் உதடு கோணிச் சிரித்தாள். "தெரிஞ்ச மாதிரியே சொல்றீங்க டிரைவர் சார்," என்று முனகிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

எட்டு மணிக்குள் வீடு நிறைந்துவிட்டது. மூன்றாவது மாடிவரை மனிதர்கள் செருப்பைக் கழற்றிக் கழற்றி ஏறி வந்தார்கள். மனைவியின் அண்ணன் பர்னிச்சர் கடை வைத்திருப்பவர். தங்கை போன துக்கத்தை என்ன செய்வது என்று தெரியாமல், பாலித்தீன் உறைகூடக் கழற்றாத நாற்காலிகளைக் கடையிலிருந்து வரவழைத்துக்கொண்டே இருந்தார். உட்கார வந்தவர்களைவிட நாற்காலி அதிகமாகி, படிக்கட்டில் ஆள் ஏற இடமில்லாமல் போயிற்று. மூன்று மணிக்கு வண்டி வரும் என்று முடிவாயிற்று. அவளைக் குளிப்பாட்டி, வெள்ளை விரிப்பில் கூடத்தில் கிடத்தினார்கள். படுக்கையறை காலியானது. பெட்டி மட்டும் அங்கே ஓடிக்கொண்டிருந்தது.

அந்தச் சத்தம் மச்சானுக்குப் பொறுக்கவில்லை.

"மாப்ள, இத மொதல்ல நிறுத்துங்க," என்றார் சுவிட்சில் கை வைத்து. "இங்க ஒரு உசுரு போயிருக்கு. அது பாட்டுக்குக் கொப்பளிச்சிக்கிட்டே இருக்கு. பாக்குறவங்க என்ன நெனப்பாங்க?"

"கைய எடுங்க மச்சான்."

முப்பது வருடத்தில் அவர் மச்சானிடம் அப்படிப் பேசியதில்லை. பேசிய பிறகு அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. மச்சான் கையை எடுத்து, போய் இன்னும் இரண்டு நாற்காலியைப் பிரித்துப் போட்டார்.

பதினோரு மணிவாக்கில் ஆய்வு மாணவி வந்தாள். மனைவியிடம் கடைசியாகச் சேர்ந்தவள். முப்பது வயது இருக்கும். கூடத்தில் மேடத்தின் காலடியில் உட்கார்ந்து நன்றாக அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து நேராகப் படுக்கையறைக்குப் போனாள். அவர் பின்னாலேயே போனார். அவள் வாட்சையும் வளையலையும் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டுத்தான் பெட்டியருகே குனிந்தாள். அதைப் பார்த்ததும் அவருக்கு அதுவரை வராத அழுகை வந்தது. கதவுப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவள் நோட்டைப் புரட்டியபடியே பேசினாள். ஒரு மணிக்கு ஆயிரமாவது மணி நேரம் முடிகிறது. ஆனால் இதை அவர்கள் கண்டுபிடிப்பு என்று எழுதப்போவதில்லை. நேற்றுப் பகல் மேடம் போன் பண்ணியிருக்கிறாள். குரல் கேட்கவே இல்லையாம், போனைக் காதோடு அழுத்தி வைத்துத்தான் புரிந்துகொண்டாளாம். ஆய்வகத்தில் இதே பூச்சை மூன்று தடவை செய்து பார்த்தார்கள். மூன்றும் பழையபடி எண் ஏறிக்கொண்டே போய் நின்றுவிட்டன. இது ஒன்று மட்டும் இறங்கியது.

"என்னன்னு தெரியாம எழுதாதன்னு சொல்லிட்டாங்க சார். 'ஏன்னு தெரியாத ஒண்ணு, நடக்காததுக்குச் சமம்'னாங்க." அவள் நோட்டை மூடினாள். "அதனால இத அப்படியே விட்டுடுவோம்."

அப்படியே விட்டுவிடலாம். அவர் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. மனைவியின் பெயருக்கு ஒரு குறையும் வராது. அவருடைய கையெழுத்துக்கும் வராது. பெட்டியைத் துடைத்து வைத்துவிட்டு எல்லோரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போகலாம். ஆனால் அந்தப் பதினைந்து கேள்விக்குறிகளும் நோட்டுக்குள் அப்படியே கிடக்கும். பதினாறாவது நாளாக அவர் பொய் சொன்ன ஆளாக இருப்பார்.

"அன்னைக்கு ஊத்துனது சுத்தத் தண்ணி இல்லம்மா," என்றார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார். ஸ்ட்ரெச்சர், கேன், வெளியே தெரிந்த வலை, குளியலறை, நாற்பது மில்லி. கூடத்திலிருந்து யாரோ அவரைத் தேடிக் கூப்பிடுவது கேட்டது. அவர் போகவில்லை. சொல்லி முடித்ததும் பெட்டி கெட்டுப்போயிற்றா என்று மட்டும் கேட்டார்.

"டெஸ்ட் கெட்டுப்போச்சு சார்," என்றாள் அவள். மறைக்கவில்லை. "ஆயிரம் மணி நேரம்னு இனிமே எங்கயும் சொல்ல முடியாது."

அவர் தலையை ஆட்டினார். அவள் கண்கள் பெட்டியிலும் நோட்டிலுமாக மாறி மாறிப் போயின. பிறகு மிக மெதுவாக, சத்தமாகக் கேட்டால் ஏதாவது கலைந்துவிடும் என்று பயந்தவளைப் போல, எந்தக் குழாய் என்று கேட்டாள்.

குளியலறைக்குக் கூடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். துக்கம் கேட்க வந்தவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, இறந்தவளின் கணவரும் மாணவியும் ஒரு வெள்ளைப் பீங்கான் கோப்பையோடு குளியலறைக்குள் போனார்கள். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் பழைய இரும்புக் குழாய் அது. கொஞ்ச நேரம் மூடி வைத்துத் திறந்தால் முதலில் பழுப்பாகத்தான் வரும். அன்று காலை எல்லோரும் மாற்றி மாற்றித் திறந்ததில் தெளிந்து வந்தது. அன்றைக்கு எப்படி வந்தது என்று அவள் கேட்டாள். வீட்டில் ஒரு நாள் முழுக்க யாரும் இல்லை, முதல் தண்ணீர், டீ நிறத்தில் இருந்தது என்றார். சமையலறையில் அதே தொட்டித் தண்ணீர் வரும், யாரும் தொடாத மூலைக் குழாய் ஒன்று இருந்தது. அதைத் திறந்தார்கள். கோப்பையின் வெள்ளையில் துருவின் பழுப்பு நன்றாகத் தெரிந்தது.

அவள் அந்தக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இரும்பு," என்றாள். "பூச்சுல இருந்து போனதும் இரும்புதான். இது வந்து அந்த எடத்துல உக்காந்திருக்கு. அவ்வளவுதான் சார். போக விடக்கூடாது, போக விடக்கூடாதுன்னு பதினோரு வருஷமா அத இறுக்கிக் கட்டப் பாத்தோம். போனா போகட்டும், தண்ணியில கொஞ்சம் இருந்துட்டா அதுவே வந்து ஒட்டிக்குமோ என்னவோ."

"கண்டக்டர் எறங்கிட்டா வழியில மாத்து ஆள் ஏறிக்கற மாதிரியா?"

அவள் அவரைப் பார்த்தாள். மேடம் இதே உதாரணத்தை அவளிடமும் சொல்லியிருக்க வேண்டும். அழுகையும் சிரிப்புமாக ஆமாம் என்று தலையசைத்தாள். இன்னும் பத்து தடவை செய்து பார்க்க வேண்டும், தண்ணீரில் வேறு என்னென்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும், வேறு ஏதாவது காரணமாகவும் இருக்கலாம் என்று அடுக்கிக்கொண்டே போனாள். ஆனால் கோப்பையைக் கீழே வைக்கவில்லை. அவரும் அதையே பார்த்தார். இந்தக் கறைக்காக இருபது வருடம் வீட்டுச் சொந்தக்காரரோடு சண்டை போட்டிருக்கிறாள் அவர் மனைவி. வாளியில், துணியில், தொட்டியில் எங்கே பார்த்தாலும் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவாள். உலகத்தில் எதுவும் இதைவிட மலிவாகக் கிடைக்காது. பிளாட்டினம் செய்கிற வேலையில் நிக்கலுக்குத் துணையாக இது ஜன்னல் மேடையில் உட்கார்ந்து பதினைந்து நாள் தண்ணீரைப் பிளந்திருக்கிறது.

நோட்டை முதலில் சரிசெய்ய வேண்டும் என்றாள். தப்பை அழிக்கக்கூடாது, மேலே மை பூசக்கூடாது. ஒரே ஒரு கோடு போட வேண்டும், அடியில் எழுதியிருப்பது படிக்கும்படி இருக்க வேண்டும். பக்கத்தில் உண்மையை எழுதி இன்றைய தேதியோடு கையெழுத்துப் போட வேண்டும். ஆய்வகத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்வார்களாம். மேடமே எத்தனையோ தடவை செய்திருக்கிறாளாம். அவர் 'சுத்த நீர்' என்பதன் மேல் ஒரு கோடு போட்டார். 'குழாய் நீர், துரு கலந்தது' என்று எழுதினார். பொய் அங்கேயே இருந்தது, ஆனால் இப்போது அது யாரையும் ஏமாற்றவில்லை.

ஒரு மணி வரை காத்திருந்தார்கள். மேடம் வைத்த கணக்கு முடியட்டும் என்றாள் அவள். முடிந்ததும், கோட்டுக்குக் கொஞ்சம் மேலே போனாலும் பரவாயில்லை, நீங்களே ஊற்றுங்கள் என்று சிரிஞ்சை அவரிடம் கொடுத்தாள். அவர் கோப்பையிலிருந்து இருபது மில்லி உறிஞ்சி, சொட்டுச் சொட்டாக இறக்கினார். எண் 1.73ல் நின்றது. பத்து நிமிடம் ஆயிற்று. அப்படியே நின்றது. உடனே தெரியாது சார், என்றாள்.

கூடத்துக்கு வந்து மனைவியின் தலைமாட்டில் மண்டியிட்டார். சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் கொஞ்சம் விலகி இடம் விட்டார்கள். அவர் குனிந்து அவள் காதருகே வாயை வைத்தார்.

"நாளைக்குச் சொல்றேன்னு சொன்னேன்ல," என்றார். "கொழாத் தண்ணிம்மா. நான்தான் ஊத்துனேன்."

மச்சான் பக்கத்தில் இருந்தவரிடம், மாப்பிள்ளைக்கு ஏதாவது குடிக்கக் கொடுங்கள், காலையிலிருந்து பல்லில் பச்சைத் தண்ணீர்கூடப் படவில்லை என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மகள் மட்டும் அப்பாவின் முதுகில் கை வைத்து, எடுக்காமல் இருந்தாள்.

மூன்று மணிக்கு வண்டி வந்தது. முன்னிருக்கையில் டிரைவருக்குப் பக்கத்தில் அவரை உட்காரச் சொன்னார்கள். அவர் மறுத்துவிட்டுப் பின்னால் அவளோடு உட்கார்ந்தார். கிளம்புமுன் மாணவி கீழே வந்து வண்டி ஜன்னல் வழியே எட்டிப்பார்த்து, இன்னும் அதே எண்தான் என்பதற்கு உதட்டைப் பிதுக்கினாள். அவள் வீட்டில் இருந்துகொண்டாள். எண் ஒருவேளை இறங்காமலே போகலாம் என்று அவருக்குத் தோன்றியது. அப்படிப் போனாலும் சொன்னது சொன்னதுதான். வண்டி திரும்பும் இடங்களில் டிரைவர் பிரேக்கை நோகாமல் மிதித்ததை அவர் கவனித்தார். நல்ல டிரைவர் என்று நினைத்துக்கொண்டார். மனைவி காலையில் அவருடைய பேருந்தில், ஆறு நாற்பது டிரிப்பில், புட்டிகள் அடுக்கிய பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, யாரிடமும் கொடுக்காமல் வருவாளே, அந்தக் காலத்தில் அவரும் அப்படித்தான் ஓட்டினார்.

எல்லாம் முடிந்து வீடு திரும்பியபோது வெயில் தாழ்ந்திருந்தது. படிக்கட்டில் மச்சானின் ஆட்கள் நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் ஒதுங்க ஒதுங்க ஏறினார். குளித்தார். மகள் கொடுத்த தேநீரை நின்றபடியே குடித்தார். பிறகு படுக்கையறைக்குப் போனார்.

படுக்கையில் விரிப்பு இல்லை. ஜன்னலருகே ஒரு நாற்காலியில் மாணவி உட்கார்ந்திருந்தாள். அவரைப் பார்த்ததும் எழுந்தாள். மீட்டரைக் காட்டவில்லை. தள்ளி நின்றாள்.

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். பெட்டியில் வலை நெடுகிலும் நுரையாய்க் குமிழ்கள் கிளம்பி மேலே போய்க்கொண்டிருந்தன. பதினைந்து நாளாக ஒவ்வொரு மாலையும் படுக்கையின் பக்கம் திரும்பி நின்று சொல்வாரே, அதே குரலில் எண்ணைச் சொன்னார்.

"ஒண்ணு புள்ளி ஆறு ஒம்பது."

நோட்டை எடுத்து நேரத்தை எழுதினார். எண்ணை எழுதினார். 20 மில்லி, குழாய் நீர். கையெழுத்துப் போட்டார். குறிப்பு என்ற கட்டம் வந்தது. பேனா அதன்மேல் கொஞ்ச நேரம் நின்றது. அதைக் காலியாக விட்டுவிட்டு மூடியை மாட்டினார். ஜன்னலுக்கு வெளியே குப்பியில் ஒரு குமிழ் மேலேறி வந்து உடைந்தது. அதன் பின்னாலேயே இன்னொன்று வந்தது.